இத்தாலியச் சுவடிகளில் எழுத்துக்குள் அமர்ந்த புனிதர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அருங்காட்சியகங்களின் இணையப் பக்கங்களில் நீலமும் தங்கமுமாக மின்னும் இந்தச் சிறு ஓவியங்களைப் பார்ப்பவர்கள் ஒரே ஐயங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவற்றுக்கான பதில்கள் இவை. காலம் 13 முதல் 15ஆம் நூற்றாண்டு வரை. இடம் பெரும்பாலும் பிளாரன்ஸ், பொலோனியா, சியெனா. புனிதர்களின் பெயர்களைத் தமிழ்க் கத்தோலிக்கரின் வழக்கப்படியே தந்திருக்கிறோம்: இராயப்பர் (பேதுரு), சின்னப்பர் (பவுல்), அருளப்பர் (யோவான்), முடியப்பர் (ஸ்தேவான்), சாமிநாதர் (தோமினிக்).

1. இது படமா, எழுத்தா?

இரண்டும்தான். ஒரு பாட்டின் முதல் சொல்லுக்குரிய முதல் எழுத்தைப் பெரிதாக வரைந்து, அதன் வளைவுக்குள் புனிதரையோ அவர் வாழ்க்கைக் காட்சியையோ அமைத்தார்கள். இதை இங்கே உருவ முதலெழுத்து என்று அழைப்போம். ஒரே நூலில் வேறு இரண்டு வகைகளும் இருக்கும். சாதாரண நாளுக்குச் சிவப்பு அல்லது நீல மையில் இறகுப் பேனாவால் இழைத்த எழுத்து. சற்றே பெரிய நாளுக்கு இலை, கொடி பின்னிய வண்ண எழுத்து. திருநாள் பெரிதாக ஆக எழுத்தும் பெரிதாகும். பாடகர்கள் பக்கத்தைப் புரட்டும்போதே அது என்ன நாள் என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

2. பைபிளில் இருந்து எடுத்ததுதானே?

சில பைபிள்கள், திருப்பலி நூல்கள், பொலோனியாவின் சட்ட நூல்கள் ஆகியவற்றிலும் உண்டு. ஆனால் இன்று தனித்தாளாகவோ வெட்டுத்துண்டாகவோ காணக் கிடைப்பவற்றில் பெரும்பகுதி பாடற்குழு நூல்களிலிருந்து வந்தவை. அவற்றில் இரண்டு வகை. திருப்பலிப் பாடல்கள் அடங்கியது கிராடுவாலே. துறவிகள் இரவும் பகலும் குறித்த வேளைகளில் பாடும் பாடல்கள் அடங்கியது அந்திஃபோனாரியோ. எந்த ஓவியத்தை ஆராயும்போதும் இந்த இரண்டில் எது என்பதையே முதலில் தீர்க்க வேண்டும். ஒரே திருநாளுக்கு இரண்டிலும் வெவ்வேறு பாட்டு, ஆகவே வெவ்வேறு முதலெழுத்து.

நூல்கள் மிகப் பெரியவை. பக்கத்தின் உயரம் 50 முதல் 70 செ.மீ. வரை; ஒரு பக்கத்துக்கு ஐந்தாறு இசைவரிகளே இருக்கும். ஒரே நூலைத் தாங்கியில் வைத்து, சுற்றி நிற்கும் அத்தனை பேரும் மெழுகுத்திரி வெளிச்சத்தில் படித்துப் பாட வேண்டும் என்பதே காரணம். கைக்கு அடக்கமான சிற்றோவியம் என்று நினைத்துக்கொண்டு பார்த்தால் பாதி விஷயம் தவறிவிடும். இது சில அடி தூரத்திலிருந்து பார்ப்பதற்கென்று வரையப்பட்டது.

3. எழுத்துன்னு சொல்றீங்க, எனக்கு எழுத்தே தெரியலையே?

இன்று அச்சில் பார்க்கும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளைத் தேடுவதால் வரும் குழப்பம் இது. வரைந்தவர்கள் வட்ட வடிவ எழுத்துகளை விரும்பினார்கள், ஏனென்றால் வட்டத்துக்குள் உருவத்தை அமர்த்துவது எளிது. ‘டி’ (D) ஏறக்குறைய முழு வட்டம். அதன் தண்டு மேலே இடப்பக்கமாக வளைந்து போகும். ‘எம்’ எழுத்தின் இடப்பாதி மூடிய வட்டம், வலப்பாதி திறந்த கால். புனிதர் பெரும்பாலும் இடது வட்டத்துக்குள் இருப்பார். சிலுவை போன்ற இன்னொரு ‘டி’ (T) எழுத்தும் வட்ட வயிறும் மேலே ஒரு தொப்பிக் கோடுமாக மாறியிருக்கும்.

‘ஈ’ (E) அரைவட்டம், நடுக்கோடு உள்ளிடத்தை இரண்டு தளமாகப் பிரிக்கும். மேல்தளத்தில் கிறிஸ்து, கீழ்தளத்தில் அவரை அண்ணாந்து பார்க்கும் புனிதர் என்று அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். ‘எஸ்’ எழுத்திலும் மேல் வளைவு, கீழ் வளைவு என இரண்டு காட்சிகள் அமையும். ‘ஐ’ ஒற்றைத் தூண் என்பதால் நின்ற கோலம்தான். உருவத்தை மறந்துவிட்டு, ரோஜா நிறத்திலோ நீலத்திலோ ஓடும் தடித்த பட்டையை மட்டும் கண்ணால் தொடருங்கள். எழுத்து தானாகப் பிடிபடும்.

4. எழுத்து தெரிஞ்சுட்டா புனிதர் யாருன்னு சொல்லிடலாமா?

பாதி வேலை முடிந்த மாதிரி. எழுத்தையடுத்துள்ள சொற்களையும் படித்தால் பாட்டு தெரியும், பாட்டு தெரிந்தால் திருநாள் தெரியும். கிராடுவாலேயில் ஒவ்வொரு திருநாளும் வருகைப் பாடலோடு தொடங்கும். ‘பி’ (P) எழுத்தில் ‘புவேர் நாத்துஸ் எஸ்த்’ என்றால் கிறிஸ்து பிறப்பு. ‘ஆர்’ எழுத்தில் ‘ரெசுர்ரெக்சி’ என்றால் உயிர்ப்பு ஞாயிறு. ‘டி’ (D) எழுத்தில் ‘தே வெந்த்ரே மாத்ரிஸ் மேயே’ என்றால் ஜூன் 24, திருமுழுக்கு அருளப்பர் பிறப்பு. ‘என்’ எழுத்தில் ‘நுங்க் சியோ வேரே’ என்றால் ஜூன் 29, இராயப்பர் சின்னப்பர் திருநாள். தேவதூதர் இராயப்பரைச் சிறையிலிருந்து வெளியே கூட்டிவருவதைப் பற்றிய வரி அது, எனவே உள்ளே சிறைக் காட்சி இருந்தால் வியப்பதற்கில்லை. ‘ஈ’ எழுத்தில் ‘எத்தேனிம் செதேருந்த்’ என்றால் டிசம்பர் 26, முடியப்பர்.

இந்தச் சாவி எல்லாப் பூட்டுக்கும் பொருந்தாது. ‘ஜி’ எழுத்தில் வரும் ‘கௌதேயாமுஸ்’ நவம்பர் 1 அனைத்துப் புனிதர் திருநாளுக்கும் உண்டு, பிப்ரவரி 5 அகத்தாவுக்கும் உண்டு, மரியன்னையின் விண்ணேற்புக்கும் உண்டு. ‘எம்’ எழுத்தில் வரும் ‘மிஹி ஔத்தெம்’ இன்னும் சிக்கலானது. அந்திரேயா, தோமையார் உட்படப் பல அப்போஸ்தலர்களுக்குப் பொதுவான பாட்டு. அங்கே கையில் உள்ள அடையாளப் பொருள்தான் துணை.

5. அந்த அடையாளங்களை எப்படிப் படிப்பது?

சாவி இராயப்பருக்கு, வாள் சின்னப்பருக்கு, தலைமேல் கல் முடியப்பருக்கு, இரும்புக் கம்பிச் சட்டம் லாரன்சுக்கு, முள்சக்கரம் அலெக்சாந்திரியா கத்தரீனாவுக்கு. தோமையாரைப் பெரும்பாலும் கிறிஸ்துவின் விலாக்காயத்தைத் தொடும் இளைஞராகக் காட்டினார்கள். டஸ்கனியில் அன்னையின் இடைக்கச்சையைப் பெறுபவராகவும் வருவார், அந்தக் கச்சை பிராத்தோ நகரில் போற்றப்பட்டதால். இதே காலத்து இத்தாலியர்களுக்கு அவருடைய கல்லறை எங்கே என்பதும் தெரிந்திருந்தது: 1298இல் ஜெனோவாச் சிறையில் சொல்லி எழுதவைத்த பயணக் குறிப்பில் மார்க்கோ போலோ அதை மாபார் கரையில், அதாவது நம் சோழமண்டலக் கரையில் வைக்கிறார்.

உடையைக் கவனிக்காமல் விடாதீர்கள். கறுப்பு அங்கி பெனடிக்ட் சபை. வெள்ளை அங்கி கமால்தோலி சபை, அதை நிறுவியவர் ரொமுவால்து. வெள்ளை அங்கிமேல் கறுப்புப் போர்வை சாமிநாதர் சபை. முடிச்சிட்ட கயிறு இடுப்பில் இருந்தால் பிரான்சிஸ்கன். நகரக் காவலர்களும் வருவார்கள். கையில் ஒரு நகரத்தையே பொம்மைபோல் ஏந்திய ஆயர் என்றால் பொலோனியாவின் பெத்ரோனியோவாக இருக்க வாய்ப்பு அதிகம், நூலும் அந்த ஊராக இருக்கலாம்.

6. எங்க கோயில்ல அந்தோணியார் குழந்தை இயேசுவோட இருப்பாரே, இதுல ஏன் இல்ல?

பதுவா அந்தோணியாரைப் புனிதராக அறிவித்தது 1232இல். அடுத்த இரண்டு நூற்றாண்டுகளின் இத்தாலிய ஓவியங்களில் அவர் கையில் நூல் இருக்கும், சிலவற்றில் தீச்சுவாலை இருக்கும். குழந்தை இயேசு பின்னர் சேர்ந்த வழக்கம். நாம் சுரூபங்களில் பார்க்கும் கோலத்தை மனத்தில் வைத்துத் தேடினால் 14ஆம் நூற்றாண்டு அந்தோணியார் கண்முன்னே நின்றாலும் அடையாளம் தெரியாது. லூசியம்மாளும் அப்படித்தான்: தட்டில் வைத்த கண்களுக்கு முன்னால் அவர் கையில் விளக்குதான் அதிகம் காணப்பட்டது.

7. இவை காகிதமா, தோலா?

தோல், இத்தாலியில் ஆட்டுத்தோல், குறிப்பாக வெள்ளாட்டுத்தோல் அதிகம். செருப்புக்குப் பதனிடுவதுபோல் பட்டைச்சாற்றில் ஊறவைப்பதில்லை. சுண்ணாம்பு நீரில் 3 முதல் 10 நாள் ஊறவைத்து, மயிரை வழித்து, சட்டத்தில் இழுத்துக் கட்டி, பிறைவடிவக் கத்தியால் சுரண்டி, இழுபட்ட நிலையிலேயே காயவிடுவார்கள். பெரிய பாடல் நூலில் ஒரு முழுத்தோலை நடுவில் மடித்தால் 2 தாள். 160 தாள் நூலுக்கு 80 ஆடு என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

8. முதல்ல எழுதுவாங்களா, வரைவாங்களா?

எழுத்து முதலில். எழுதுபவர் பாட்டின் சொற்களை மாசிக்காய், அன்னபேதி, கருவேலம் பிசின் சேர்த்துக் காய்ச்சிய கறுப்பு மையால் எழுதி, முதலெழுத்துக்கு இடம் விட்டு, அந்த இடத்திலோ ஓரத்திலோ பொடியாக ஒரு வழிகாட்டி எழுத்தைப் போட்டுவைப்பார். சிவப்பில் நான்கு கோட்டு இசைவரிகள், மேலே சதுர இசைக்குறிகள் எல்லாம் முடிந்த பிறகே ஏடு ஓவியரிடம் போகும். வழிகாட்டி எழுத்தைத் தவறாகப் படித்தால் தவறான முதலெழுத்து விழும். கத்தியால் சுரண்டித் திருத்தலாம், ஆனால் சுரண்டிய இடம் பஞ்சுபோலாகி மை ஊறும்.

ஓவியருக்கும் மாறாத வரிசை உண்டு: ஈயக் கோலால் கோட்டுரு, அதை மையால் உறுதிசெய்தல், தங்கம், அடிவண்ணம், நிழல், வெள்ளை ஒளிக்கோடு, கடைசியில் எல்லைக்கோடு. தங்கம் வண்ணத்துக்கு முன்னால் வருவதற்குக் காரணம் இரண்டு. வண்ணத்தில் உள்ள பசையில் தங்கத்தகடு வேண்டாத இடத்திலெல்லாம் ஒட்டும். மெருகேற்றும் கல் பக்கத்து வண்ணத்தையும் தேய்த்துவிடும். முடிவு பெறாமல் நின்றுபோன ஏடுகளில் தங்கம் மின்ன, முகம் வெறும் கோடாக இருப்பது இதனால்தான்.

9. தங்கம் ஏன் புடைச்சு நிக்குது? எப்படி ஒட்டினாங்க?

தஞ்சாவூர் ஓவியத்தில் மக்கு வைத்து மேடாக்குவதுபோல இங்கும் அடியில் ஒரு பசைமேடு உண்டு. 1400ஐ ஒட்டித் தொழில்நூல் எழுதிய பிளாரன்ஸ் ஓவியர் சென்னினோ சென்னினி அளவைச் சொல்லியிருக்கிறார். சுட்ட ஜிப்சத்தை ஒரு மாதத்துக்குக் குறையாமல் நீரில் நாள்தோறும் கிளறி, இறுகும் குணத்தைப் போக்க வேண்டும். அதோடு ஈய வெள்ளை, ஜிப்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. கற்கண்டு, ஈய வெள்ளையைவிடக் குறைவு. இடம் தெரிவதற்காகச் சிறிது செம்மண். எல்லாவற்றையும் நீர்விட்டு மைபோல அரைத்து உலர்த்தி, வேண்டும்போது முட்டை வெள்ளைக்கருவில் குழைத்துப் பூச வேண்டும்.

காய்ந்ததும் கத்தியால் மட்டமாக வழித்து, வாயால் ஆவி ஊதினால் கற்கண்டு ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும். அந்த நொடியில் தகட்டை வைத்து அழுத்த வேண்டும். பிறகு நாய்ப் பல்லாலோ ஹெமடைட் கல்லாலோ மெருகு. கற்கண்டு கூடிவிட்டால் மேடு இளகியே இருந்து மெருகு ஏறாது. குறைந்தால் தகடு பிடிக்காமல் உதிரும். வெள்ளைக்கரு கூடினால் மேடு வெடிக்கும். குழைக்கும்போது குமிழி எழுந்தால் காய்ந்த பின் ஊசித்துளைகள் தெரியும். காது அழுக்கைத் துளி சேர்த்தால் குமிழி அடங்கும் என்று பழைய செய்முறைகளில் இருக்கிறது. உலர்காற்று வீசும் நாளில் இந்த வேலை ஓடாது, ஈரமான காலைப்பொழுதே ஏற்றது.

தகட்டின் கனத்துக்கும் சென்னினி கணக்கு வைத்திருக்கிறார். தகடு அடிப்பவர்கள் டுக்கட் என்ற ஒரு தங்கக் காசிலிருந்து 145 தகடு எடுப்பார்கள், 100க்கு மேல் எடுக்கவிடாதே என்கிறார். காசு ஏறத்தாழ 3.5 கிராம் என்பதால் 100 தகடு என்றாலும் ஒன்றின் எடை 0.035 கிராம்தான். இத்தாலியர்கள் மெருகிட்ட ஒளிவட்டத்தில் மழுங்கிய முனையால் புள்ளிகளும் கதிர்களும் அழுத்துவார்கள். நேர் வெளிச்சப் புகைப்படத்தில் இவை மறைந்துவிடும், சாய்ந்த ஒளியில்தான் தெரியும்.

10. அந்த நீலம் எதனால் செய்தது?

சிறந்தது லாபிஸ் லசூலி கல், ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் சுரங்கங்களிலிருந்து கப்பலேறி வந்தது. கல்லை வெறுமனே அரைத்தால் சாம்பல் நிறமே வரும், உள்ளே வேறு தாதுக்களும் கலந்திருப்பதால். சென்னினியின் முறை: ஒரு பவுண்டு பொடிக்கு 6 அவுன்ஸ் பைன் பிசின், 3 அவுன்ஸ் மாஸ்டிக் பிசின், 3 அவுன்ஸ் புது மெழுகு உருக்கிக் கலந்து மாவாகப் பிசைந்து, மூன்று பகல் மூன்று இரவாவது வைத்திருக்க வேண்டும். பிறகு வெதுவெதுப்பான சாம்பல்காரநீரில் இரண்டு கோல்களால் அழுத்த நீலத்துகள் மட்டும் நீருக்குள் இறங்கும், அழுக்கு மாவிலேயே தங்கிவிடும். முதல் இரண்டு வடிப்பும் அவுன்ஸ் 8 டுக்கட் பெறும் என்கிறார்; கடைசி வடிப்பு சாம்பலுக்குச் சமம். செலவைக் குறைக்க அசுரைட் என்ற மலிவான நீலக் கல்லின் பொடியை அடியில் பூசி மேலே மட்டும் இதைப் பூசியதும் உண்டு.

சிவப்புக்குச் சாதிலிங்கம், ஈயச் செந்தூரம். செந்தூரத்துக்கு இலத்தீனில் ‘மினியும்’. ‘மினியேச்சர்’ என்ற சொல் அதிலிருந்து பிறந்தது, சிறியது என்ற பொருள் பின்னால் ஒட்டிக்கொண்டது. ரோஜா நிறத்துக்கு அரக்கும் சப்பங்கிக் கட்டையும். சப்பங்கியில் கொல்லம் துறைமுகத்தின் பெயராலேயே ‘கொலொம்பினோ’ என்று ஒரு ரகம் இத்தாலியச் சந்தைகளில் விற்றது.

11. புனிதர் முகம் ஏன் பச்சையா இருக்கு?

நோயாளியாகக் காட்டவில்லை. இத்தாலியர்கள் முகத்துக்கு முதலில் பச்சை மண் என்ற மங்கிய பச்சையைப் பூசி, அதன்மேல் இளஞ்சிவப்பையும் வெள்ளையையும் மெல்லிய கோடுகளாக இழைத்தார்கள். கன்னத்தின் செம்மைக்கு அடியில் பச்சை கசிவதால் நிழல் உயிர்பெறும். மேற்கோடுகள் தேய்ந்துபோன ஏட்டில் அடிப்பச்சை மட்டும் மிஞ்சிவிடுகிறது.

12. சிலதில் முகம் கறுப்பாவும் ஓவியம் உதிர்ந்தும் இருக்கே?

கறுப்புக்குக் காரணம் பெரும்பாலும் ஈய வெள்ளை. காற்றிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து ஈயச் சல்பைடாகிக் கறுக்கும். ஒளிபட வேண்டிய மூக்குநுனியும் நெற்றியும் கறுத்து, படம் தலைகீழான நிழற்படம் போலாகும். செம்புக் களிம்புப் பச்சை தோலையே அரித்து, பின்பக்கத்தில் பழுப்புக் கறையாகவும் ஓட்டையாகவும் வெளிப்படும்.

உதிர்வது வேறு கதை. தோல் ஈரத்தில் விரிந்து உலர்வில் சுருங்குகிறது, மேலிருக்கும் வண்ணமும் தங்கமேடும் அப்படி அசைவதில்லை. ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு விரிசல். காப்பகங்கள் காற்று ஈரத்தை 50 விழுக்காட்டையொட்டி நிலையாக வைப்பது இதற்காகவே. முகம் மட்டும் மழுங்கி மற்றவை நன்றாக இருந்தால் முத்தமும் விரலும் பட்ட இடமாக இருக்கலாம். அதைச் சேதம் என்று மட்டும் சொல்ல மனம் வரவில்லை. பக்தியின் தடயம் அது.

13. வரைஞ்சது துறவிகளா?

சிலர். பிளாரன்சின் சாந்தா மரியா தெலி ஆஞ்செலி கமால்தோலி மடத்தில் தோன் சில்வெஸ்த்ரோ தெய் கெரார்துச்சி (1339–1399) இருந்தார். லொரென்சோ மொனாக்கோவும் அங்கேதான் துறவு பூண்டார். சில்வெஸ்த்ரோவின் வலக்கையையும், எழுதிய துறவி ஒருவரின் வலக்கையையும் மடத்தார் பேழையில் பாதுகாத்தார்கள் என்று 16ஆம் நூற்றாண்டில் ஓவியர்களின் வரலாற்றை எழுதிய வசாரி குறிப்பிட்டிருக்கிறார். ஆனால் 14ஆம் நூற்றாண்டில் பெரும்பகுதி நகரத்துப் பட்டறைகளின் கூலிவேலை. பிளாரன்சில் பசினோ தி போனகுய்தா பலகை ஓவியமும் செய்தார், சுவடியும் செய்தார். பொலோனியாவின் நிக்கொலோ தி ஜாக்கொமோ பல ஏடுகளில் பெயர் பொறித்தார். கவிஞர் தாந்தே உத்தரிக்கிற தலத்தில் குப்பியோ ஊர்ச் சுவடி ஓவியர் ஒதெரிசியைச் சந்திப்பதாகப் பாடியதும் நினைவில் கொள்ளத்தக்கது: பொலோனியா பிராங்கோவின் ஏடுகளே இப்போது அதிகம் புன்னகைக்கின்றன என்று தன் புகழை ஒதெரிசியே விட்டுக்கொடுக்கிறார்.

14. தேதி போடாத ஏட்டின் காலத்தை எப்படிச் சொல்றீங்க?

புனிதர் பட்டம் பெற்ற ஆண்டு ஒரு கீழெல்லை தரும். பிரான்சிஸ் 1228, சாமிநாதர் 1234, தலையில் வெட்டுக்காயத்தோடு வரும் வெரோனா பேதுரு 1253, கிளாரா 1255, தாமஸ் அக்குவினாஸ் 1323, சியெனா பெர்னார்தீனோ 1450. தாமஸ் திருநாள் நூலின் உள்ளேயே, அதே கையெழுத்தில் இருந்தால் நூல் 1323க்கு முந்தியதாக இருக்க வழியில்லை.

இங்கே இரண்டு குழிகள். புதிய திருநாள் வந்தால் மடத்தார் கூடுதல் தாள்களைச் செருகித் தைத்துக்கொள்வார்கள். அந்தத் தாளின் காலம் நூலின் காலமாகாது. மறுபுறம், தாமஸ் இல்லை என்பதால் 1323க்கு முந்தியது என்றும் முடிவுகட்ட முடியாது. அவர் சாமிநாதர் சபையினர், எனவே பிரான்சிஸ்கன் நூலில் அவரைத் தேடுவதே வீண்வேலையாக இருக்கலாம்.

15. ஏன் இப்படி வெட்டித் துண்டாக்கினார்கள்?

1796இல் நெப்போலியன் படை இத்தாலிக்குள் நுழைந்ததையடுத்து மடங்கள் மூடப்பட்டன, நூல்கள் சந்தைக்கு வந்தன. இசை வேண்டாதவர்கள் ஓவியத்தை மட்டும் கத்தரித்தார்கள். சிஸ்டைன் ஆலயச் சுவடிகளிலிருந்து வெட்டியவற்றை லூயிஜி செலொத்தி என்ற குரு 1825இல் லண்டனில் ஏலம் விட்டார். சாந்தா மரியா தெலி ஆஞ்செலியின் துண்டுகள் பலவும் வில்லியம் யங் ஆட்லி என்ற ஆங்கிலேயரின் சேகரிப்பில் இருந்து, அவர் இறந்தபின் 1838இல் ஏலம் போயின. வெட்டியவர்கள் கலையைக் காப்பாற்றியதாகவே நினைத்தார்கள். பாட்டிலிருந்து பிரிந்த எழுத்து பாதி ஊமை என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை.

சிதறியவற்றைச் சேர்க்க முடிகிறது. இசைவரியின் உயரம், வரிகளுக்கிடையிலான தூரம், பின்பக்கத்தில் மிஞ்சிய சொற்கள், பழைய தாள் எண் ஆகியவை ஒத்துப்போனால் ஒரே நூல். 4ஆம் பதிலில் சொன்ன பாட்டு வரிசைப்படி அடுக்கினால் எந்தத் திருநாளின் தாள் காணாமல் போயிருக்கிறது என்பதுகூடத் தெரிந்துவிடும்.

16. விற்பனைக்கு வருவது போலியா என்று கண்டுபிடிக்க முடியுமா?

தோல் பழையது என்பது சான்றாகாது. 19ஆம் நூற்றாண்டு இறுதியில் வேலைசெய்த, ‘ஸ்பானிஷ் ஃபோர்ஜர்’ என்று பட்டப்பெயர் பெற்றவர் உண்மையான பழைய பாடல் தாள்களைச் சுரண்டிவிட்டு அதன்மேல் வரைந்தார். அவரைக் காட்டிக்கொடுத்தவற்றில் ஒன்று ஆர்செனிக் கலந்த செம்புப் பச்சை. இடைக்கால ஓவியரிடம் அது கிடையாது. பிரஷ்ய நீலம் இருந்தால் 18ஆம் நூற்றாண்டு அல்லது அதற்குப் பின், செயற்கை அல்ட்ராமரீன் இருந்தால் 1828க்குப் பின், டைட்டானியம் வெள்ளை இருந்தால் 20ஆம் நூற்றாண்டு. பழைய ஓவியத்தில் பின்னால் தொட்டுத் திருத்திய இடமும் இப்படிக் காட்டும் என்பதால், ஒரே புள்ளியைச் சோதித்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

கருவியில்லாமல் பார்ப்பதற்கும் வழி உண்டு. முதலெழுத்து அடுத்த சொல்லோடு சேர்ந்து இலத்தீனாக வாசிக்க வருகிறதா? அந்தப் பாட்டுக்கும் உள்ளே இருக்கும் புனிதருக்கும் தொடர்பு உண்டா? தங்கம் வண்ணத்துக்கு அடியில் போகிறதா, மேலே ஏறி நிற்கிறதா? 8ஆம் பதிலின் வரிசை தலைகீழாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

17. வெட்டாத நூலாக எங்கே பார்க்கலாம்?

சியெனாப் பேராலயத்தின் பிக்கொலோமினி நூலகத்தில் லிபெராலே தா வெரோனாவும் ஜிரோலாமோ தா கிரெமோனாவும் 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வரைந்த பாடல் நூல்கள் திறந்தபடி வைக்கப்பட்டிருக்கின்றன. பிளாரன்சின் சான் மார்க்கோ அருங்காட்சியகத்தில் ஃப்ரா ஆஞ்செலிகோ வரைந்த திருப்பலி நூல் உண்டு. வெட்டுத்துண்டுகளுக்கு வெனிசின் சீனி அறக்கட்டளை. வீட்டிலிருந்து பார்க்க நியூயார்க்கின் மெட்ரோபாலிடன், லாஸ் ஏஞ்சலிசின் கெட்டி இரண்டும் நல்ல அளவில் படங்களை இலவசமாகத் தருகின்றன. பதிவிறக்கும்போது முன்பக்கத்தோடு நிறுத்திவிடாதீர்கள், பின்பக்கப் படம் இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டின் மிச்சம் அங்கேதான் இருக்கிறது.